லைல் பட்டறையின் முதல் வெட்டு

வெட்ட வேண்டிய கோட்டைக் காட்டும் பச்சை டேப்பை ஒட்டும்போது லைல் ட்வெட் யாரையும் பேச விடமாட்டார். பிக்கப் வண்டியின் முன் மட்கார்டில் கீழ்முனையிலிருந்து ஆரம்பித்து, புது இரும்பு பம்பர் எந்த வளைவில் போகிறதோ அதே வளைவில், ஒரு விரல் இடைவெளி விட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கொண்டுபோவார். பிறகு கதவு வரை பின்னால் நடந்துபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திரும்பி வந்து பாதியைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். வண்டிக்காரர் பொறுமை போய், "நல்லாத்தானே இருக்கு, போதுமே லைல்" என்று வாயைத் திறந்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல், "தகரம் வளராது" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

மொன்டானாவின் இந்த வடக்கு ஓரத்தில் சாயங்கால நேரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் குறுக்கே பாயும் மானைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் பம்பர் ஒரு மானுக்குக்கூடத் தாங்காது. ஆகவே வண்டி வாங்கிய கையோடு கனத்த இரும்பு பம்பருக்கும் ஆர்டர் போடுவார்கள். அது பெட்டியில் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரியும். வண்டியின் இரண்டு மட்கார்டுகளையும் கீழே வெட்டி எடுத்தால்தான் பம்பர் உட்காரும். காளையை அறுத்துக் கூறு போடுகிற ஊர் இது. பசு ஈன முடியாமல் தவித்தால் தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுக்கிற ஊர். ஆனால் புது வாசனை போகாத வண்டியில் வெட்டும் மெஷினை வைக்க ஒருவருக்கும் மனம் வராது. பம்பர் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். கடைசியில் வேறு வழியில்லாமல், பிள்ளையைப் பல் டாக்டரிடம் இழுத்துவருகிற முகத்தோடு லைல் பட்டறைக்கு வந்து சேர்வார்கள்.

லைல் அறுபதை நெருங்குகிறவர். ஒல்லி, உயரம், அந்த உயரத்துக்கு வெட்கப்பட்டது போல ஒரு கூன். நார்வேக்கார வம்சத்து வெளிறிய கண்கள். தீப்பொறி பட்டுப் பட்டுச் சல்லடையாகிப்போன பழுப்பு மேலங்கி ஒன்று உண்டு. அதை மனைவி மார்னா ஒருமுறை குப்பையில் போட்டார். லைல் அதை எடுத்துவந்து மறுபடி மாட்டிக்கொண்டார். பேச்சு குறைவு, பேசினால் குத்தல். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பெருமூச்சு விடுகிற ஆட்களைப் பார்த்து, "அழணும்னா வெளிய போய் அழு. தரை ஈரமானா எனக்கு ஷாக் அடிக்கும்" என்பார். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு கோதுமை விவசாயி வெளியே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக இந்த வட்டாரத்து வண்டிகளையெல்லாம் வெட்டிய கை லைலுடையது. எந்த வண்டியிலும் டேப்பைத் தாண்டி ஒரு நூல் போனதில்லை. அவருடைய பெருமையும் பெயரும் அந்த ஒன்றில்தான் இருந்தன.

பட்டறையில் அவருக்கு நிரந்தரத் துணை கஸ் பெலாங்கர். ஊர் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லைலைவிடப் பத்து வயது மூத்தவர். தானியம் ஏற்றும் திருகுக் குழாய் ஒன்று அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. மீதி மூன்றால் காப்பி போடுவார், சீட்டுக் கலைப்பார், எதிரில் இருப்பவரைச் சுட்டிக்காட்டிப் பேசுவார். காலையில் வந்து டீசல் அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். வேலைக்கு ஒத்தாசை கிடையாது, வாய் மட்டும் ஓயாது. ஊரில் நடப்பது பாதி அவர் வாயால் பரவுகிறது. மீதிப் பாதியை அவரே நடத்திவைக்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லைலின் கை நடுங்குகிறது.

எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. டேப் ஒட்டலாம், அரம் போடலாம், நட்டு முறுக்கலாம். ஆனால் அந்தரத்தில் ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து, ஒரு கோட்டின் மேல் நகர்த்த வேண்டும் என்றால் மணிக்கட்டிலிருந்து நடுக்கம் கிளம்பிவிடும். முதலில் குளிர் என்று நினைத்தார். பிறகு காப்பி என்று நினைத்துப் பாதிக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டார். பனிக்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வெல்டிங் புகையை விழுங்கிய முப்பது வருடம் இருக்கிறதே, அதுவாக இருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும். இந்த ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்தது போல. தெரிந்துவிட்டால் புது வண்டியை யார் அவர் கையில் ஒப்படைப்பார்கள்? வேலை போனால் சாப்பாட்டுக்கு மார்னாவின் சம்பளம் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து எங்கே போவது, போய் யாராக இருப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பயம் அவருக்கு நெஞ்செலும்பு வரை இருந்தது.

லைல் பட்டறையில் முதல் வெட்டு என்று ஒரு வழக்கம் உண்டு, அது பிறந்த கதை இதுதான். ட்ரெவர் என்று ஒரு இளம் பண்ணைக்காரன் சிவப்பு பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். டேப் ஒட்டியாயிற்று. பொறி பட்டுக் கண்ணாடி கெடாமலிருக்க ஈரக் கம்பளி போர்த்தியாயிற்று. லைல் கட்டிங் மெஷினைத் தூக்கி, சுவிட்சைப் போட்டு, கோட்டின் மேல் கொண்டுபோனார். டிஸ்க் டேப்பின் மேல் கோழி கொத்துவது போலத் தத்திற்று. தகரத்தைத் தொடும் முன் இழுத்துக்கொண்டார். அணைத்தார். பிறகு மெஷினை அப்படியே ட்ரெவரிடம் நீட்டினார்.

"இந்தா. முதல் வெட்டு நீ போடு."

"நானா? எதுக்கு?"

"உன் வண்டி. சொந்தக்காரன்தான் முதல் வெட்டுப் போடணும். இங்க அதான் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அன்று காலை வரை இருந்ததில்லை. ட்ரெவர் நம்பாமல் ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தான். முப்பது வருடத்தில் பாதிக்கு மேல் அதே ஸ்டூலில் கழித்த கஸ், கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாப்பா. எப்பவும் அப்படித்தான். நம்ம லைலு வேற யாரையும் போட விடமாட்டாரு" என்றார்.

கஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்று லைல் கேட்கவில்லை. கஸும் அந்தப் பக்கமே பேச்சை எடுக்கவில்லை. சும்மா வாய் வளர்க்கத்தான் சொன்னாரா, எல்லாம் தெரிந்து சொன்னாரா என்பது லைலின் மனதில் ஒரு மூலையில் முள்ளாகக் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ட்ரெவர் கை நடுங்க நடுங்க வெட்டினான். அவனுடைய நடுக்கம் பயத்தால் வந்தது, பாதி வெட்டில் போய்விட்டது. வெட்டி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பிறை போல் விழுந்த தகரத் துண்டை எடுத்துக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் மாட்டினான். அன்று சாயங்காலம் மதுக்கடையில் அதையே பேசினான். மறுநாள் கஸ் பேசினார். அப்புறம் கேட்கவேண்டுமா? முதல் வெட்டு என்று பெயர், கடைசி வெட்டு வரை சொந்தக்காரர்தான் போடுவார். லைல் பக்கத்தில் நின்று, "மெதுவா. டேப்பப் பாரு, பொறியப் பாக்காத" என்பார். பிறகு ஓரத்தை அரம் போட்டு, பிரைமர் தேய்த்து, ரப்பர் ஒட்டிக் கொடுப்பார். அதற்கெல்லாம் கை அழுத்திக்கொண்டுதானே இருக்க வேண்டும், தொல்லை இல்லை. தூரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கணவன் வெட்ட மனைவி வீடியோ எடுத்தார். லூத்தரன் சபை பாஸ்டரம்மா அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு தன் வண்டியைத் தானே வெட்டினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் அது வந்துவிட்டது. விட்டுக்கொடுக்க வேண்டியதை அவரவர் கையாலேயே வெட்டவைக்கிற ஒரு மனிதர் நம் ஊரில் இருக்கிறார் என்று சொன்னாராம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த லைல் பாட்டுப் புத்தகத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அது ஒரு வேடிக்கை, ஒரு பெருமை. லைலுக்கு அது ஒவ்வொரு முறையும் தப்பித்துக்கொள்கிற வழி. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாரும் சந்தோஷமாகத்தானே போகிறார்கள்?

மார்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். கொஞ்ச காலமாக வீட்டில், கையில் கத்தி பிடித்து அறுத்துச் சாப்பிட வேண்டாத சாப்பாடாகவே வந்துகொண்டிருந்தது. கொத்துக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, ஒரே பாத்திரத்தில் குழைய வேகவைத்துக் கரண்டியால் சாப்பிடுகிற பண்டங்கள். கறித்துண்டு வறுத்த வாசனை அந்த வீட்டில் வந்து வெகுநாள் ஆகிறது. மார்னாவும் காரணம் சொல்லவில்லை, லைலும் கேட்கவில்லை. அது கருணை என்று லைலுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள், உடம்பை ஒருமுறை காட்டிவிட்டு வா என்ற மார்னாவின் நச்சரிப்புத் தாங்காமல் கிரேட் ஃபால்ஸ் நகரம் வரை டாக்டரைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் ஒரு பெட்டி கட்டிங் டிஸ்க் வாங்கினார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மார்னா சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"வயசாகுதுன்னாரு."

"மருந்து?"

"வேணாமாம்."

"அவரு பேரு என்ன?"

லைல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ ஜெர்மன்காரப் பேரு. வாயில நுழையல."

"சரி," என்று சொல்லிவிட்டு மார்னா எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ரோண்டா கிஸ்லிங் வந்தார். கிராமத்துத் தபால் பட்டுவாடா அவருடைய வேலை. பண்ணைக்குப் பண்ணை மைல் கணக்கில் இடைவெளி இருக்கும் ரூட் அவருடையது. அதற்கு முந்தின பனிக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு மான் அவருடைய பழைய வண்டியை முடித்துவிட்டது. இப்போது வெள்ளை நிறத்தில் புது பிக்கப். பம்பர் பின்னால் பெட்டியோடு கிடந்தது. கஸ் காப்பி கொடுத்தார். லைல் பம்பரை ஜாக்கியின் மேல் பலகை வைத்து ஏற்றி, வண்டி முகத்தோடு பொருத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி முடித்தார். வழக்கம் போல மெஷினை ரோண்டாவிடம் நீட்டினார். ரோண்டா வாங்கவில்லை.

"என்னால முடியாது, லைல்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மெஷினப் பிடிச்சுட்டா பயம் போயிடும்."

"பயம் இல்ல." ரோண்டா வலது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கை மார்பு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. "இதுக்கு மேல வராது. தோளுக்குள்ள தகடு வெச்சிருக்காங்க. தபால் போட இடது கை போதும். இதுக்குப் போதாது."

"சரி, தோள் குணமான பொறவு வா. அவசரம் இல்ல."

"குணமானதுதான் இது. இனிமே இவ்ளோதான்னுட்டாங்க."

லைல் மெஷினை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "உன் வீட்டுக்காரன வரச் சொல்லேன்."

"அவன் என்ன விட்டுட்டு ஐடஹோவுக்குப் போயாச்சு. அவன் கையில வெட்டற மெஷினக் குடுத்தா வண்டியையா வெட்டுவான்?"

கஸ் சிரித்தார். லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோண்டா காப்பிக் கோப்பையை வண்டியின் முகப்பில் வைக்கப் போய், புது வண்டி என்று நினைவு வந்து, கீழே வைத்தார்.

"திங்கக்கிழம ரூட்டுக்குப் போகணும். இத்தன நாள் எப்படியோ பல்லக் கடிச்சுட்டுப் போயிட்டேன், இனிமே முடியாது. அன்னைக்கு அந்த மானு கண்ணாடியோட உள்ள வந்துச்சு, லைல். என் மடியில கெடந்து ஒதச்சுக்கிட்டேதான் செத்துச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அதுவும் நானுந்தான் இருந்தோம். நீயே வெட்டிடு. வழக்கத்த ஒரு தடவ மாத்தினா என்ன ஆயிடும்?"

கஸ் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நான் வேணா போடட்டா? சும்மாத்தானே உக்காந்திருக்கேன்."

"நீ உக்காருய்யா," என்றார் லைல். சொன்ன வேகத்தில் அவருக்கே முகம் சிவந்துவிட்டது. இன்னொருவரிடம் கொடுத்தால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் எல்லாம் வந்துவிடும். கஸ் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

லைல் கம்பளியை நனைத்துக் கண்ணாடியின் மேல் போட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். முகக் கவசத்தை இறக்கிக்கொண்டார். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்து, இடது தோளை மட்கார்டில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு டிஸ்கை இறக்கினார். முதல் சாண் நன்றாகவே போயிற்று. டேப்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும், பழைய நாட்களைப் போலவே போயிற்று. பொறி அருவியாகத் தரையில் கொட்டியது. நடந்துவிடும் போலிருக்கிறதே என்று அவர் மனம் ஒரு துள்ளு துள்ளியது. வளைவு ஆரம்பிக்கும் இடத்தில், சாய்த்திருந்த தோளை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தார். கை தனியாக நின்றது. மணிக்கட்டிலிருந்து நடுக்கம் கிளம்பிற்று. டிஸ்க் ஒருபக்கம் கடித்து, மெஷின் உதறி, டேப்பைக் கிழித்துக்கொண்டு வெள்ளைப் பெயிண்டில் நான்கு விரற்கடை மேலே ஏறிவிட்டது.

சுவிட்சை அணைத்த பிறகும் டிஸ்க் கொஞ்ச நேரம் சுற்றியது.

ரோண்டா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். வெட்டு நேராகப் போய், திடீரென்று கோணி, பல்பல்லாக மேலே ஏறி நின்றிருந்தது. "இந்தக் கோடு இங்கதான் வரணுமா?"

லைல் முந்திக்கொள்வதற்குள் ஸ்டூலிலிருந்து பதில் வந்தது. "ஆமாமா. இந்த மாடலுக்கு அப்படித்தான். டயர் திரும்பறப்ப இடிக்கும் பாரு, அதுக்காக..."

"கஸ்," என்றார் லைல். "விடு."

முகக் கவசத்தை நெற்றிக்கு ஏற்றினார். மெஷினைத் தரையில் வைத்தார். வெறும் கையை முன்னால் நீட்டிப் பிடித்தார். அது தன் பாட்டுக்கு ஆடிற்று. "தப்பு. கை நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது."

ரோண்டா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "அப்ப அந்த முதல் வெட்டு?"

"வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கட்டிவிட்டது."

ரோண்டா சத்தம் போட்டிருந்தால் லைலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. "இந்தப் பம்பர் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துடுச்சு, லைல். கொட்டகையில கெடந்துச்சு. நான் போற வீட்டுல எல்லாம் சொவத்துல ஒரு தகரத்துண்ட மாட்டிவெச்சுக்கிட்டு, நானே வெட்டினேன் நானே வெட்டினேன்னு காட்டறாங்க. பாஸ்டரம்மா வெட்டிட்டாங்க. எழுபது வயசுக் கெழவி வெட்டிட்டா. கையத் தூக்க முடியலன்னு இங்க வந்து எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, நான் அந்த ரோட்ல வெறும் வண்டியில போயிட்டிருந்தேன். தெனமும். பொழுது சாயறப்போ."

யாருக்கும் நஷ்டமில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை லைலுக்குள்ளேயே அவமானமாக நின்றது. ஒரு மான், ஒரே ஒரு மான் அந்த வாரங்களில் குறுக்கே பாய்ந்திருந்தால் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. இந்த ஊர் ஆண்களுக்கு அது வந்து பழக்கமில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்று ரோண்டாதான் கேட்டார். "திங்கக்கிழம எனக்கு ரூட் இருக்கு. அதச் சொல்லு."

வேலையைப் பற்றிய கேள்வி வந்ததும் லைலுக்குப் பேச்சு திரும்பிற்று. மேலே ஏறிய வெட்டை வெல்டு வைத்து அடைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடிக்கலாம். அதற்கும் இதே கைதான் வேண்டும், அது ஆகாது. இன்னொரு வழி, கோட்டையே உயர்த்திவிடுவது. தப்பு எதுவரை போயிருக்கிறதோ அதற்கும் ஒரு விரல் மேலே புதிதாக வளைவு போட்டு, அதுவரை எடுத்துவிட வேண்டும். பம்பருக்கு அதனால் கெடுதல் இல்லை, கெட்டியாகவே நிற்கும். இடைவெளிதான் கொஞ்சம் அதிகம் தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் வாய் கோணின ஆள் மாதிரி இருக்கும். அடுத்த பக்கத்திலும் அதே உயரத்துக்கு, அதே வளைவில், வேண்டுமென்றே வெட்ட வேண்டும்.

"அப்ப எடு," என்றார் ரோண்டா. "மானு அளவெடுத்தா பாக்கப் போவுது."

பம்பர் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு பக்கத்தை லைல் கிழித்தார். அதை வெட்டுப்பட்ட மட்கார்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, உள்பக்கமாகப் பென்சிலை ஓட்டினார். கோணல், உதறல், ஏற்றம் எல்லாம் அட்டையில் அப்படியே விழுந்தது. முப்பது வருடம் நேராகப் போன கையின் இப்போதைய கையெழுத்து அது. பிறகு அதற்கு மேலே ஒரே வீச்சாகச் சுத்தமான வளைவு ஒன்றை வரைந்தார். அட்டை மேசையில் அழுந்திக் கிடந்ததால் கை சொன்னபடி கேட்டது. கத்தரித்தார். இந்தப் பக்கத்து மட்கார்டில் வைத்து டேப் ஒட்டினார். அட்டையைத் திருப்பிப்போட்டு அந்தப் பக்கத்து மட்கார்டிலும் ஒட்டினார். கதவு வரை பின்னால் போய்ப் பார்த்தார். எதையும் பிய்த்து மறுபடி ஒட்டவில்லை. இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

இனி வெட்ட வேண்டும். ஒன்றல்ல, இரண்டு பக்கம்.

லைல் ஸ்டூலுக்கு எதிரே போய் நின்றார். "எழுந்து வா."

"நானா?" கஸ் வலது கையை விரித்துக் காட்டினார். "எனக்கு மூணு விரல்தான்யா இருக்கு."

"மூணும் நடுங்காம இருக்குல்ல. வா."

கஸ் இறங்கி வந்தார். மெஷினை எடுத்து எடை பார்ப்பது போல ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ரோண்டா தள்ளி நின்றுகொண்டார். வெளியே காற்று கதவுத் தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று லைல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ட்ரெவருக்கு முன்னாடிலேருந்து," என்றார் கஸ். "குனியட்டா?"

லைல் தன் தலையிலிருந்த முகக் கவசத்தைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார். கஸின் தலை சிறியது, பின்பக்கத் திருகை இறுக்க வேண்டியிருந்தது. லைல் இரண்டு கைகளையும் தூக்கி அந்தத் திருகைத் தேடினார். தூக்கின மாத்திரத்தில் விரல்கள் ஆட ஆரம்பித்தன. கஸின் காதோரம் பிளாஸ்டிக்கில் டொக் டொக்கென்று தட்டின. ரோண்டா பார்த்துக்கொண்டிருந்தார். லைல் கைகளை இறக்கவில்லை. திருகு ஒருமுறை நழுவியது, இன்னொரு முறை நழுவியது. அது பிடிபட்டு இறுகும்வரை கஸ் குனிந்த தலையை அசைக்காமல் நின்றார்.